730 தப்படியில் ஒரு நகரம்

மன்னர்கள் கல்லில் கட்டிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கை ஏழை எழுத்தர்களும் கனவு காண்பவர்களும் எப்படித் தங்கள் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டார்கள்? இருநூறு ஆண்டு நாவல்களும் நூறாண்டு சினிமாவும் சொல்லும் கதை.

ஜூலை மாதத்து வெக்கை. ஐந்து மாடிக் கட்டடத்தின் உச்சியில், கூரையை ஒட்டி ஓர் அறை. அறை என்பதைவிட அலமாரி என்றால் பொருந்தும். அதிலிருந்து படிப்பைப் பாதியில் விட்ட மாணவன் ஒருவன் இறங்கி வருகிறான். வாடகை பல மாதம் பாக்கி. ஒரு மாடி கீழே வீட்டுக்காரியின் சமையலறைக் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். அதைப் பூனைபோலக் கடந்து தெருவுக்கு வந்த பிறகுதான் மூச்சு விடுகிறான். சுண்ணாம்புத் தூசி, செங்கல், சாரம், மதுக்கடைகளின் நாற்றம். அவன் போகவேண்டிய வீடு தொலைவில் இல்லை. எத்தனை தப்படி என்பதுகூட அவனுக்கு மனப்பாடம். 730.

1866-இல் தொடராக வந்த 'குற்றமும் தண்டனையும்' நாவல் இப்படித்தான் தொடங்குகிறது. அந்த மாணவன் ரஸ்கோல்நிகோவ். அவன் போவது ஓர் அடகுக்காரக் கிழவியின் வீட்டுக்கு; கொலைக்கு ஒத்திகை பார்க்க. நாவலில் சந்தின் பெயரையும் பாலத்தின் பெயரையும் தஸ்தயெவ்ஸ்கி முழுதாகச் சொல்வதில்லை. முதலெழுத்தோடு நிறுத்திக்கொள்கிறார். ஆனால், அந்த ஊரை அறிந்தவருக்கு அது போதும். ஸ்தோல்யார்னி சந்து, கோகுஷ்கின் பாலம், சென்னயா சதுக்கம் என்று விரல் வைத்துக் காட்டிவிடுவார்கள்.

உலகில் எத்தனையோ நகரங்கள் நாவல்களில் வந்திருக்கின்றன. தப்படிக் கணக்கில் நாவலுக்குள் போன நகரங்கள் குறைவு. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரண்மனைகளுக்குப் பஞ்சமில்லை. தங்கக் கோபுரங்கள், கிரானைட் கரைகள், அகன்ற நேவா நதி எல்லாம் உண்டு. இருந்தும், அந்த ஊரை நாம் அறிவது அரண்மனை வழியாக அல்ல. வாடகை கொடுக்க முடியாத மாணவன் வழியாக, குளிருக்குக் கோட்டு இல்லாத எழுத்தர் வழியாக, கால்வாய்க் கரையில் அழுதுகொண்டு நிற்கும் ஒரு பெண் வழியாக. கல்லில் ஒரு நகரம் இருக்கிறது, காகிதத்தில் ஒரு நகரம் இருக்கிறது. கல் நகரம் ஜார் மன்னர்களுடையது. காகித நகரம் இவர்களுடையது. சினிமா வந்து இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தது என்பதில்தான் நல்ல படமும் வெறும் படமும் பிரிகின்றன.

உத்தரவில் பிறந்த ஊர்

பெரும்பாலான பழைய நகரங்கள் தாமாக வளர்ந்தவை. ஆற்றங்கரையில் சந்தை கூடும், சந்தைக்குப் பக்கத்தில் கோயில் எழும், கோயிலைச் சுற்றித் தெருக்கள் கிளைக்கும். பீட்டர்ஸ்பர்க் அப்படி முளைக்கவில்லை. சுவீடனுடன் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், நேவா கடலில் கலக்கும் சதுப்பு நிலத்தில், 1703 மே 27 அன்று மகா பீட்டர் கோட்டைக்கு அடிக்கல் நாட்டினார். 1712-இல் தலைநகரம் மாஸ்கோவிலிருந்து அங்கே பெயர்ந்தது. நாடு முழுவதிலிருந்தும் குடியானவர்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்து வந்தார்கள். சேற்றில் நின்று மரத்தூண் அடித்தவர்களில் ஊர் திரும்பாதவர்கள் ஏராளம். 1714-இல் இன்னோர் உத்தரவு: பீட்டர்ஸ்பர்க் தவிர ரஷ்யாவில் வேறெங்கும் கல் கட்டடம் எழுப்பக்கூடாது. ஊருக்குள் வரும் வண்டியும் படகும் ஆளுக்கு இத்தனை கல் கொண்டுவர வேண்டும் என்ற விதியும் இருந்தது. ஒரு தேசத்தின் கல்லையெல்லாம் ஒரே ஊர் வாங்கிக்கொண்டது.

மனிதர்களையும் அதே கறாரோடு அடுக்கினார் மன்னர். 1722-இல் அவர் கொண்டுவந்த பதவிப் பட்டியலில் 14 படிகள். யார் யாருக்கு முதலில் வணக்கம் சொல்வது, யார் யாரை எப்படி விளிப்பது என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் அடங்கியது. ரஷ்ய நாவலுக்குள் நுழையும் தமிழ் வாசகர் 'ஒன்பதாம் படி அலுவலர்' போன்ற பதவிகளைப் பார்த்து முதலில் தடுமாறுவார். ஆனால், பத்துப் பக்கம் போனதும் புரிந்துவிடும். மேலதிகாரியின் அறை வாசலில் கைகட்டி நிற்பவரை நமக்குத் தெரியாதா என்ன!

இந்தத் தலைநகரைப் பற்றி எழுந்த முதல் பெரிய முறையீடு ஒரு கவிதைக் கதை. 1824 நவம்பரில் கடற்காற்று நேவாவைப் பின்னுக்குத் தள்ள, வெள்ளம் வழக்கமான மட்டத்துக்கு மேல் நான்கு மீட்டரைத் தாண்டியது. அந்நகரம் கண்ட பெருவெள்ளங்களில் அதுவே உச்சம். அதை வைத்து 1833-இல் புஷ்கின் 'வெண்கலக் குதிரைவீரன்' எழுதினார். வெள்ளத்தில் காதலியைப் பறிகொடுத்த ஏழை எழுத்தன் எவ்கேனி, புத்தி பேதலித்து, பீட்டரின் சிலைமுன் நின்று முஷ்டியை உயர்த்துகிறான். சிலை பீடத்திலிருந்து இறங்கி, குளம்பொலி அதிர இரவெல்லாம் அவனைத் துரத்துகிறது. முதலாம் நிக்கலாய் மன்னர் கைப்பிரதியில் ஆட்சேபக் குறிகள் போட்டார். புஷ்கின் உயிரோடு இருந்தவரை அது முழுதாக அச்சேறவில்லை. சதுப்பில் நகரம் கட்டியவருக்குச் சிலை இருக்கிறது. அதற்கு விலை கொடுத்தவனுக்கு யார் இருக்கிறார்கள் என்று புஷ்கின் கேட்டார். பின்னால் வந்த பீட்டர்ஸ்பர்க் கதைகள் யாவும் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதியவைதாம்.

80 ரூபிள் கோட்டு

உக்ரைனிலிருந்து 1828-இல் வேலை தேடி வந்த இளைஞர் கோகல். அரசு அலுவலகத்தில் கொஞ்ச காலம் எழுத்தர் வேலை பார்த்தார். அங்கே கண்ட ஊரை 1842-இல் 'மேல்கோட்டு' கதையில் இறக்கி வைத்தார். அகாக்கி அகாக்கியேவிச் ஒன்பதாம் படி எழுத்தர். ஆண்டுச் சம்பளம் 400 ரூபிள். வேலை, கோப்புகளைப் படியெடுப்பது. அந்த வேலையில் அவருக்கு அப்படி ஓர் இன்பம்; சில எழுத்துகள் வந்தால் முகமே மலர்ந்துவிடும். ஆனால், வடதிசைக் குளிருக்குச் சம்பளம் தெரியாது. பழைய கோட்டு நைந்து, ஒட்டுப்போட இடமில்லாமல் போகிறது. தையல்காரர் எவ்வளவு இறங்கி வந்தாலும் புதுசுக்கு 80 ரூபிள் வேண்டும்.

பாதிப் பணம் கையில் இருக்கிறது, பல வருடங்களாகச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபிளுக்கும் ஒரு செப்புக்காசு எடுத்துச் சிறு பெட்டியில் போட்டு வைத்தது. மீதிக்கு என்ன செய்வது? மாலைத் தேநீரை விடுகிறார். மெழுகுவத்தி ஏற்றாமல் இருட்டில் உட்காருகிறார். செருப்பின் அடி தேயாமல் இருக்கக் கல்தரையில் நுனிக்காலால் நடக்கிறார். உள்ளாடை நையாமல் இருக்க வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி வைத்துவிடுகிறார். ஒரு நகரத்தின் வறுமையைச் சொல்ல இதைவிட நெருக்கமான கணக்கு உலக இலக்கியத்தில் உண்டா என்று தெரியவில்லை. கோட்டு வருகிறது. முதல் நாள் இரவே ஆளரவமற்ற ஒரு பெரிய சதுக்கத்தில் பறிபோகிறது. கோகல் அந்தச் சதுக்கத்தை விவரிக்கும் விதம் கவனிக்க வேண்டியது. மறுகரை வீடுகள் கண்ணுக்கு எட்டவில்லை. அலங்காரத்துக்காக அகலமாக்கிய சதுக்கம், அவருக்குக் கடல்போல் விரிகிறது. கட்டியவரின் பெருமை எதுவோ, அதுவே நடப்பவரின் பயம்.

சினிமா இந்தக் கதையை விடவில்லை. 1926-இல் கோசின்த்செவும் திராவ்பெர்கும் ஊமைப்படமாக எடுத்தார்கள். நிழல்களைப் பெரிதாக்கி, எழுத்தரைப் பூச்சியாக்கிக் காட்டினார்கள். 1959-இல் நடிகர் அலெக்சேய் பதாலோவ் இயக்கிய படத்தில் ரோலன் பிகோவ் அகாக்கியாக வாழ்ந்தார். இத்தாலியில் லத்துவாதா 1952-இல் அதை ஓர் இத்தாலிய நகரத்துக்குக் கொண்டுபோனார். பனியும் மேலதிகாரியும் உள்ள எந்த ஊரிலும் அந்தக் கோட்டு பொருந்தியது.

கிணற்று முற்றங்கள்

பீட்டர்ஸ்பர்க்கின் பழைய குடியிருப்புகளில் தெருப்பக்கம் பார்த்தால் தூண், சிற்பம், பூவேலை. வளைவுக்குள் நுழைந்து உள்ளே போனால் நாற்புறமும் சுவர் எழும்பிய ஒடுக்கமான முற்றம். அண்ணாந்து பார்த்தால் கைக்குட்டை அளவு வானம். உள்ளூர்க்காரர்கள் அதைக் 'கிணறு' என்றே சொல்கிறார்கள். முகப்பு தெருவுக்கு, கிணறு குடியிருப்போருக்கு. தஸ்தயெவ்ஸ்கி முகப்பில் நின்று எழுதியவர் இல்லை. ஏறத்தாழ இருபது முறை வீடு மாறியவர். அவர் தேடிப் பிடித்த வீடுகள் பெரும்பாலும் மூலை வீடுகள். சந்தடியும் கடனும் நிறைந்த பேட்டைகள்.

'குற்றமும் தண்டனையும்' எழுதியபோது அவர் இருந்தது சென்னயா சதுக்கத்துக்குக் கூப்பிடு தூரத்தில். சென்னயா என்றால் வைக்கோல் சந்தை. குடிகாரர்கள், சில்லறை வியாபாரிகள், உடலை விற்கும் பெண்கள், கந்தல் பொறுக்குவோர் கூடும் இடம். ரஸ்கோல்நிகோவ் அந்தக் கூட்டத்தில் கலந்து நடக்கிறான். கொலைக்கு முந்தைய நாள் அவன் காதில் தற்செயலாக விழும் ஒரு தகவல்—மறுநாள் மாலை கிழவி தனியாக இருப்பாள் என்பது—இதே சதுக்கத்தில்தான் கிடைக்கிறது. மனம் திருந்தி மண்டியிட்டு மண்ணை முத்தமிடுவதும் இங்கேதான். பாவத்துக்கும் பிராயச்சித்தத்துக்கும் ஒரே சந்தை. இதனால்தான் ஊரை எடுத்துவிட்டு இந்த நாவலைப் படிக்க முடிவதில்லை.

1970-இல் லெவ் குலிஜானவ் இதைப் படமாக்கினார். வண்ணப்படம் வழக்கமாகிவிட்ட காலத்தில் வேண்டுமென்றே கறுப்பு வெள்ளையைத் தேர்ந்தெடுத்தார். கியார்கி தரதோர்கின் ரஸ்கோல்நிகோவ். விசாரணை அதிகாரி பர்ஃபீரியாக இன்னகென்தி ஸ்மக்துனோவ்ஸ்கி. மாடிப்படிகள், மாடிப்படிகள், மேலும் மாடிப்படிகள் என்று அந்தப் படம் நினைவில் தங்குகிறது. பிரெஞ்சு இயக்குநர் ராபர்ட் பிரெசோன் வேறு வழியில் போனார். 1959-இல் அவர் எடுத்த 'பிக்பாக்கெட்' படத்தில் கோடரி இல்லை, கிழவி இல்லை, பீட்டர்ஸ்பர்க்கும் இல்லை. பாரிஸ் ரயில் நிலையக் கூட்டத்தில் பர்ஸ் திருடும் இளைஞன் இருக்கிறான். ஆனால் அதே ஒடுங்கிய அறை, அதே அகந்தை, தன்னைப் பிடிக்கவிருக்கும் அதிகாரியோடு அதே வாதம். ஃபின்லாந்தின் அகி கவுரிஸ்மாகி தன் முதல் முழுநீளப் படமாக 1983-இல் இந்த நாவலையே எடுத்தார், ஹெல்சிங்கியில் நடப்பதாக. தெரு மாறியது, அந்த அறை மாறவில்லை.

வெளுத்த இரவுகளின் பயணம்

வட அட்சம் 60 பாகையை ஒட்டிய ஊர் இது. ஜூனில் சூரியன் இரவு பத்து மணிக்கு மேல்தான் மறையும். விடிகாலை நாலுக்கு முன்னே மறுபடி எழும்பும். இடைப்பட்ட நேரத்திலும் முழு இருள் இல்லை. பால் கலந்தாற்போல் ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் உறங்க மனம் வராமல் ஊர் சுற்றும் ஒருவனின் கதைதான் 'வெண்ணிற இரவுகள்'. 1848 இறுதியில் வெளிவந்தபோது தஸ்தயெவ்ஸ்கிக்கு வயது 27. நான்கே மாதத்தில் அரசியல் குற்றச்சாட்டில் கைதாகிக் கோட்டைச் சிறைக்குப் போனார். 1849 டிசம்பரில் துப்பாக்கி முனையில் நிறுத்தி, கடைசி நொடியில் தண்டனையைச் சைபீரியக் கடுங்காவலாக மாற்றினார்கள். ஆக, அது சிறைக்கு முந்தைய தஸ்தயெவ்ஸ்கி. இன்னும் ஊரை நேசிக்க மட்டும் தெரிந்திருந்தவர்.

கதை சின்னது. எட்டு வருடமாக அந்நகரில் வாழ்ந்தும் பேச ஓர் ஆள் இல்லாத இளைஞன். மனிதர்கள் இல்லாததால் வீடுகளோடு சிநேகம். தினமும் கடந்துபோகும் கட்டடங்கள் தன்னிடம் நலம் விசாரிப்பதாக நினைத்துக்கொள்கிறான். ஓரிரவு கால்வாய்க் கரைக் கம்பியில் சாய்ந்து அழும் பெண்ணைக் காண்கிறான். பெயர் நாஸ்தென்கா. கண் தெரியாத பாட்டி, பேத்தி எங்கும் போய்விடாமலிருக்கத் தன் உடையோடு அவள் உடையை ஊக்கால் சேர்த்துக் குத்தி வைத்திருப்பவள். வீட்டில் குடியிருந்தவனைக் காதலித்தாள்; ஒரு வருடத்தில் திரும்புவேன் என்று போனவன் இன்னும் வரவில்லை. நான்கு இரவுகள் அவர்கள் பேசுகிறார்கள். அவள் மனம் இவன் பக்கம் சாயும் நேரத்தில் அவன் வந்துவிடுகிறான். அவ்வளவுதான். விடிகிறது.

இந்தச் சின்னக் கதை சென்ற தூரத்தைப் பாருங்கள். 1957-இல் இத்தாலியின் விஸ்கோன்தி, லிவோர்னோ துறைமுக நகரை நினைவூட்டும் கால்வாய்த் தெருக்களைச் சினெசித்தா ஸ்டூடியோவுக்குள் செட் போட்டார். மர்செல்லோ மாஸ்த்ரோயான்னியும் மரியா ஷெல்லும் அந்தப் பொய்யான பாலங்களில் நடந்தார்கள். இத்தாலியில் வெண்ணிற இரவு கிடையாது. ஆனால், இத்தாலிய மொழியில் தூங்காமல் கழித்த இரவுக்கு 'வெள்ளை இரவு' என்ற வழக்கு உண்டு. விஸ்கோன்தி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். வடக்கின் வெளிச்சத்துக்குப் பதில் கடைசியில் பனி பொழிகிறது, ஊர் வெளுக்கிறது. 1971-இல் பிரெசோன் அதே கதையைப் பாரிஸின் பான் நெஃப் பாலத்துக்குக் கொண்டுபோனார். 2007-இல் சஞ்சய் லீலா பன்சாலியின் 'சாவரியா'. 2008-இல் ஜேம்ஸ் கிரே அதன் சாயலில் எடுத்த 'டூ லவ்வர்ஸ்' நியூயார்க்கின் பிரைட்டன் பீச்சில், ரஷ்யாவிலிருந்து குடிபெயர்ந்தோர் செறிந்து வாழும் பகுதியில் நடக்கிறது. கதை சுற்றிக்கொண்டு ஏறக்குறையத் தன் வீட்டுக்கே வந்துவிட்டது!

நமக்கும் அந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. 2003-இல் எஸ்.பி.ஜனநாதன் இயக்கிய 'இயற்கை', 'வெண்ணிற இரவுகள்' கதையிலிருந்து கிளைத்தது. கால்வாய்க் கரை துறைமுகமானது. துணையற்ற கனவுக்காரன், நிலத்தில் சொந்தம் தேடும் கப்பல் தொழிலாளி மருதுவானான். குடியிருந்தவன், கடலோடு போன கேப்டன் ஆனான். ஷாமும் குட்டி ராதிகாவும் அருண் விஜய்யும் நடித்த அந்தப் படம் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது.

ஜனநாதன் செய்ததை வெறும் தழுவல் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. காத்திருந்து வருந்தும் மனத்துக்கு நம் முன்னோர் ஒரு நிலத்தையே ஒதுக்கியிருக்கிறார்கள். நெய்தல் என்றால் கடலும் கடல் சார்ந்த இடமும். அதன் உரிப்பொருள் இரங்கல். கடலுக்குப் போனவன் திரும்புவானா என்று கரையில் நிற்பவளின் துயரம் நமக்கு ஈராயிரம் ஆண்டுப் பழக்கம். அவர் நாஸ்தென்காவை நெய்தலில் கொண்டுவந்து நிறுத்தியதும் அவள் வேற்றூர்ப் பெண்ணாகத் தெரியவில்லை. 2021-இல் அவர் மறைந்தபோது பலரும் முதலில் நினைவுகூர்ந்தது இந்தப் படத்தைத்தான்.

தூக்கிய பாலம்

நேவாவின் பெரிய பாலங்கள் பலவும் பிளந்து மேலே எழும்பக்கூடியவை. கப்பல் போகும் பருவத்தில் நள்ளிரவுக்கு மேல் தூக்குவார்கள். தீவுகளில் வீடுள்ளவர்கள் அதற்குள் ஆற்றைக் கடந்துவிடப் பார்ப்பார்கள். இன்று அது சுற்றுலாக் காட்சி. இயக்குநர் ஐசன்ஸ்டைன் கண்ணுக்கு அது வேறாகத் தெரிந்தது.

1917 புரட்சியின் பத்தாம் ஆண்டுக்காக எடுத்து, 1928-இல் வெளியான 'அக்டோபர்' படத்தில் ஒரு காட்சி. ஜூலை ஆர்ப்பாட்டத்தில் துப்பாக்கிச் சூடு. தொழிலாளர் பேட்டையை நகர மையத்திலிருந்து துண்டிக்கப் பாலத்தைத் தூக்கச் சொல்கிறது அரசு. பிளவின்மேல் இறந்து கிடக்கிறாள் ஓர் இளம்பெண். அவள் கூந்தல் இடைவெளியின் குறுக்கே படிந்திருக்கிறது. வண்டியில் பூட்டிய வெள்ளைக் குதிரை ஒன்றும் செத்துக் கிடக்கிறது. பாலம் மெல்ல எழும்புகிறது. கூந்தல் இழை இழையாக நழுவுகிறது. குதிரை அந்தரத்தில் தொங்குகிறது. ஐசன்ஸ்டைன் விடுவதாக இல்லை. திரும்பத் திரும்ப, வெவ்வேறு கோணத்தில், நேரத்தை இழுத்து நீட்டிக் காட்டுகிறார். கடைசியில் குதிரை ஆற்றில் விழுகிறது. ஓர் ஊரின் இரும்பு இயந்திரம் யாருக்காக வேலை செய்கிறது என்பதை ஒரு வசனம் இல்லாமல் சொல்லிவிட்டார்.

அதே படத்தில் குளிர்கால அரண்மனையை ஆயிரக்கணக்கானோர் முட்டி மோதிக் கைப்பற்றும் காட்சி உலகப் புகழ்பெற்றது. நிஜத்தில் அன்றிரவு நடந்தது அவ்வளவு பிரம்மாண்டமாக இல்லை. அதைப் படம்பிடித்தவரும் இல்லை. பின்னால் வந்த ஆவணப்படங்கள் பலவும் ஐசன்ஸ்டைனின் காட்சியையே அசல்போலப் பயன்படுத்தின. வரலாற்றுக்குச் சினிமா சாட்சியான விந்தை இது.

1927-இல் வந்த புதோவ்கினின் 'செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் முடிவு' இன்னும் நேராகப் புஷ்கினிடம் போகிறது. பசிக்குப் பிழைக்க வந்த கிராமத்து இளைஞன் சதுக்கத்தில் நடக்கிறான். கேமரா உயரத்தில், ஒரு சிலைக்குப் பின்னால் நிற்கிறது. மேலே பிரம்மாண்டமான வெண்கலம், கீழே எறும்பாய் மனிதன். நூறாண்டுக்குமுன் எவ்கேனி உயர்த்திய முஷ்டிக்குச் சினிமா தந்த பதில் அந்த ஒற்றைக் காட்சி.

பனிப்போர்க் காலத்தில் ஹாலிவுட்டுக்கு இந்த ஊர் அகப்படவில்லை. வாரன் பீட்டியின் 'ரெட்ஸ்' உட்படப் பல படங்களுக்கு ஹெல்சிங்கி பீட்டர்ஸ்பர்க்காக வேஷம் கட்டியது. பனிப்போர் முடிந்த பிறகும், 1995-இல் ஜேம்ஸ் பாண்டு டாங்கி ஓட்டிச் சுவர்களை இடித்த 'கோல்டன்ஐ' காட்சியில் பெரும்பகுதி இங்கிலாந்தில் போட்ட செட். 'அன்னா கரீனினா'வை 1997-இல் பெர்னார்ட் ரோஸ் அசல் அரண்மனைகளிலேயே போய் எடுத்தார். அசல் தூண்கள், அசல் கூடங்கள் அத்தனையும் இருந்தன. மனத்தில் நின்றது குறைவு. கல்லை மட்டும் படம்பிடித்தால் கல் மட்டும்தான் கிடைக்கும்.

ஒரே மூச்சில் முந்நூறு ஆண்டு

கல்லைப் படம்பிடித்தும் உயிரைத் தொட்ட ஒரு படம் உண்டு. அலெக்சாந்தர் சொகூரோவின் 'ரஷ்யன் ஆர்க்'. 2001 டிசம்பர் 23 அன்று, அதே குளிர்கால அரண்மனையில் உள்ள ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் எடுத்தது. 33 அறைகள், இரண்டாயிரம் பேருக்கு மேல் நடிகர்கள், வெட்டே இல்லாமல் 96 நிமிடம். ஒளிப்பதிவாளர் தில்மான் பியூட்னர் கேமராவை உடம்பில் கட்டிக்கொண்டு அரண்மனை முழுவதும் நடந்தார். முதல் மூன்று முயற்சிகள் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் நின்றுபோயின. டிசம்பரில் அங்கே பகல் வெளிச்சம் சில மணி நேரம்தான். நான்காவது முயற்சி நிறைவேறியது. மகா பீட்டர், கேத்தரின், கடைசி ஜாரின் குடும்பம், 1913-இன் நடன விருந்து என்று நூற்றாண்டுகள் அறை அறையாகத் திறக்கின்றன.

அதில் ஓர் அறை மட்டும் வேறு. கதவைத் திறந்தால் கடுங்குளிர். ஓவியம் இல்லாத வெற்றுச் சட்டகங்கள். ஒருவர் தனக்கான சவப்பெட்டியைத் தானே செய்துகொண்டிருக்கிறார். அது ஊருக்கு லெனின்கிராட் என்று பெயர் இருந்த காலத்து முற்றுகை. 1941 செப்டம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை 872 நாள் ஜெர்மானியப் படை ஊரை வளைத்து நின்றது. முதல் குளிர்காலத்தில் ஒரு கட்டத்தில் பெரும்பாலானோருக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி. ஓவியங்களை முன்பே ரயிலேற்றி அனுப்பியிருந்தார்கள். சட்டகங்களை மட்டும் சுவரில் விட்டுவைத்தார்கள், திரும்பி வரும் என்ற நம்பிக்கையில். வைரமும் பட்டும் மினுங்கும் படத்தில் அந்த ஓரிரு நிமிடம்தான் தொண்டையை அடைக்கிறது. அகாக்கியும் எவ்கேனியும் அரண்மனைக்குள் வந்துசேர்ந்த இடம் அது.

1991-இல் ஊர் பழைய பெயருக்குத் திரும்பியது. இடையில் 1914 முதல் பெத்ரோகிராட், 1924 முதல் லெனின்கிராட். ஊர்க்காரர்கள் எல்லாக் காலத்திலும் செல்லமாகப் 'பீத்தெர்' என்றே சொல்லிவந்தார்கள். 1997-இல் பலபானவ் குறைந்த செலவில் எடுத்த 'பிரத்' (சகோதரன்) படம் அந்தப் பீத்தெரைக் காட்டியது. ராணுவத்திலிருந்து திரும்பிய தனிலா, அண்ணனைத் தேடி வருகிறான். அண்ணன் கூலிக்குக் கொல்பவன். கல்லறைத் தோட்டத்தில் அண்டி வாழும் ஏழைகள், பழைய டிராம்கள், சாயம் உரிந்த கிணற்று முற்றங்கள். கையில் கோடரிக்குப் பதில் துப்பாக்கி. ரஸ்கோல்நிகோவ் மனச்சாட்சியோடு மல்லுக்கட்டினான். தனிலா மல்லுக்கட்டுவதே இல்லை. ஒரு தேசம் எவ்வளவு களைத்துப்போயிருந்தது என்பதை அந்த ஒரு வேறுபாடு சொல்லிவிடும்.

பார்க்காமலே வாழ்ந்த ஊர்

என் தலைமுறைக்கு இந்த ஊர் வந்து சேர்ந்தது சோவியத் புத்தகங்கள் வழியாக. கெட்டி அட்டை, வழுவழுத் தாள், நம்ப முடியாத மலிவு விலை. நியூ செஞ்சுரி புத்தக வண்டி ஊருக்கு வந்தால் பள்ளிக்கூடத்துப் பையன்கூடக் கைச்செலவுக் காசில் ஒரு ரஷ்ய நூல் வாங்கிவிடலாம். மாஸ்கோவிலேயே குடியிருந்து மொழிபெயர்த்தவர்கள் நமக்கு இருந்தார்கள். ரா. கிருஷ்ணையாவின் தமிழில் நாஸ்தென்கா நம்மோடு பேசினாள். நா. தர்மராஜன் 'அன்னா கரீனினா'வைத் தந்தார். பின்னாளில் எம்.ஏ.சுசீலா 'குற்றமும் தண்டனையும்', 'அசடன்' ஆகிய பெருநாவல்களைத் தமிழாக்கினார். பனியைக் கண்ணால் காணாதவர்கள் இந்தப் புத்தகங்களைப் படித்துக் குளிரில் நடுங்கினோம்.

அண்டை மாநிலத்தில் இதைவிடப் பெரிய அதிசயம் நடந்தது. 1993-இல் மலையாள எழுத்தாளர் பெரும்படவம் ஸ்ரீதரன், தஸ்தயெவ்ஸ்கியையே நாயகனாக்கி 'ஒரு சங்கீர்த்தனம் போலெ' நாவலை எழுதினார். 1866 அக்டோபர். பதிப்பாளருக்கு நவம்பர் 1-க்குள் நாவல் தராவிட்டால் அடுத்த ஒன்பது ஆண்டு எழுத்தின் உரிமையெல்லாம் பறிபோகும் நிலை. சுருக்கெழுத்துப் பெண் அன்னா வருகிறாள். 26 நாளில் 'சூதாடி' முடிகிறது. அடுத்த பிப்ரவரியில் திருமணம். அவர்கள் உட்கார்ந்து எழுதிய அறையை, அந்தத் தெருவை, நேவாவின் காற்றைப் பெரும்படவம் அப்போது நேரில் கண்டதே இல்லை. வாசித்தே கட்டினார். மலையாளத்தில் நூறு பதிப்புகளைத் தாண்டிய நாவல் அது. அந்த ஊர்த் தெருக்களில் அவர் நடந்தது பிற்காலத்தில்தான்.

கல்லுக்கடியில்

அன்னா தன் நினைவுக் குறிப்புகளில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். மணமான புதிதில் கணவரோடு நடந்து போகும்போது, அவர் ஒரு வீட்டு முற்றத்துக்குள் அழைத்துப்போய் ஒரு கல்லைக் காட்டினார். கிழவியிடம் களவாடிய நகைகளை ரஸ்கோல்நிகோவ் ஒளித்து வைத்த கல் அது.

நகையும் இல்லை, கிழவியும் இல்லை, ரஸ்கோல்நிகோவும் இல்லை. கல் மட்டும் நிஜம். எழுதியவர் அதை மனைவிக்குக் காட்டுகிறார், உறவினர் வீட்டைக் காட்டுவதுபோல. அந்தக் கணத்திலிருந்து கல் கைமாறிவிட்டது.

ஸ்தோல்யார்னி சந்து முனையில் உள்ள கட்டடத்தில் இன்று தஸ்தயெவ்ஸ்கியின் உருவமும் 'ரஸ்கோல்நிகோவ் வீடு' என்ற குறிப்பும் பதித்திருக்கிறார்கள். ஒருபோதும் வாழாத ஒருவனின் வீட்டு விலாசம். ஹெர்மிடாஜுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நுழையலாம். இந்தப் படிக்கட்டுக்குச் சீட்டு இல்லை. இருந்தும் பல ஆண்டுகளாக வாசகர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கூரையறை வரை ஏறி, சுவரில் அவனுக்குச் செய்தி எழுதிவிட்டுப் போனார்கள். குடியிருப்போர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் வெளிவாசலைப் பூட்டிவிட்டார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல முடியாது. ஆனால், பூட்டிய கதவுமுன் நிற்பவருக்கும் ஒரு வழி இருக்கிறது. தெருவுக்குத் திரும்பி, பாலத்தைப் பார்த்து முகம் வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கலாம்.